பவர் சப்ளையை வாங்குங்கள், திரையை நீங்களே செய்யுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்ததும் நாம் முதலில் செருகுவது இரண்டு கேபிள்கள். ஒன்று பவர் கேபிள், மற்றொன்று மானிட்டர் கேபிள். சுவிட்சைப் போட்டதும் திரையில் படம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இரண்டு கேபிள்களையும் நாம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் பழைய காலத்துக் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்களுக்கு இந்த இரண்டும்தான் பெரிய கேள்விகள். மின்சாரத்தை எப்படிக் கொடுப்பது? படத்தை எப்படி வரவழைப்பது? பிராசசரைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளக்குகிறவர்கள்கூட இந்த இடம் வந்ததும், பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று போதும், திரைக்கு ஒரு ரெடிமேட் போர்டு போதும் என்று இரண்டு வரியில் முடித்துக் கொள்கிறார்கள்.

இது சரியல்ல என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. பவர் சப்ளையை நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். திரையில் படம் வரவைக்கும் சர்க்யூட்டை நீங்களே செய்யுங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் படிக்கலாம். உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எதற்காக இந்த வேலை?

இன்றைய பிராசசர் ஒன்றில் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அதை முழுவதும் ஒருவர் புரிந்து கொள்வது நடக்காத காரியம். 1975ல் வந்த 6502 என்ற பிராசசரில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். 1976ல் வந்த இசட்80ல் சுமார் 8,500. இவற்றின் கால் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். கொஞ்சம் மெமரி, ஒரு கிரிஸ்டல், சில சில்லறை சிப்கள் சேர்த்தால் வேலை செய்யும் கம்ப்யூட்டர் தயார். துளைகள் உள்ள பிரெட்போர்டில் வயர்களைச் செருகியே இதைச் செய்துவிடலாம். அமெரிக்காவின் பென் ஈட்டர் 6502ஐ வைத்து இப்படிச் செய்து காட்டிய வீடியோக்கள் மிகவும் பிரபலம். இசட்80க்கு ஆர்சி2014 என்ற கிட் இருக்கிறது.

6502ன் புதிய வடிவத்தை வெஸ்டர்ன் டிசைன் சென்டர் நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. இசட்80ன் பழைய வகையை நிறுத்தப் போவதாக ஜைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. கடைசி ஆர்டர்களை அந்த ஆண்டு ஜூன் வரை வாங்கியது. கடைகளில் உள்ள இருப்பும், பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவையும்தான் இனி கிடைக்கும்.

நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தட்டிப் பார்த்திருப்போம். சிவப்பு நிறத்தில் ஆறு எழுத்துகள் மட்டும் காட்டும் டிஸ்பிளே. இரண்டு எண்களைக் கூட்டி விடையைப் பார்த்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புவோம். அந்தக் கிட்டில் டிவி இணைத்து, நம் பெயர் திரையில் வரும்படி செய்ய வைத்திருந்தால் நிறையப் பேர் அந்த லேபை விரும்பியிருப்பார்கள். திரையில் தன் எழுத்தைப் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சிதான் ஆரம்பத்தில் இருப்பவரை அடுத்த படிக்கு இழுத்துச் செல்லும்.

திரை வந்த கதை

1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. கிட்டாக வாங்கினால் சுமார் 400 டாலர். அதில் திரை கிடையாது, கீபோர்டும் கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறிய விளக்குகளும்தான். சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி புரோகிராமைக் கொடுத்து, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து விடையைப் படிக்க வேண்டும். எழுத்தாகப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் டெலிடைப் என்ற தந்தி டைப்ரைட்டரை இணைத்தார்கள். அது நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும். விலையோ கம்ப்யூட்டரை விட அதிகம்!

எல்லோர் வீட்டிலும் டிவி இருந்தது. அதைத் திரையாக்க முடியாதா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் வந்திருந்தது. 1973 செப்டம்பரில் ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் இதழில் டான் லான்காஸ்டர் என்பவர் டிவி டைப்ரைட்டர் என்ற சர்க்யூட்டை வெளியிட்டார். வரிக்கு 32 எழுத்துகள், மொத்தம் 16 வரிகள். அதில் பிராசசரே கிடையாது. தட்டிய எழுத்து டிவியில் வரும், அவ்வளவுதான். ஆனால் அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. லீ ஃபெல்சன்ஸ்டீன் வடிவமைத்த விடிஎம்-1 என்ற கார்டு, வரிக்கு 64 எழுத்துகளாக 16 வரிகளை ஆல்டேரிலிருந்து திரைக்குக் கொண்டுவந்தது. 1976ல் ஸ்டீவ் வாஸ்னியாக் செய்த ஆப்பிள்-1ல் திரைக்கான சர்க்யூட் அதே போர்டிலேயே இருந்தது. வரிக்கு 40 எழுத்துகள், 24 வரிகள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 666 டாலர் 66 சென்ட் விலை கொடுத்து ஆப்பிள்-1 வாங்கியவருக்குக் கிடைத்தது சர்க்யூட் போர்டு மட்டும்தான். கீபோர்டு, டிவி, பெட்டி, பவர் சப்ளைக்கான டிரான்ஸ்பார்மர்கள் எல்லாம் தனியாக வாங்கிக் கொள்ள வேண்டும். திரையை வாஸ்னியாக் செய்தார், டிரான்ஸ்பார்மரைக் கடைக்கு விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள்-2க்கும் பவர் சப்ளையை அவர் செய்யவில்லை. அந்தத் துறையில் அனுபவம் உள்ள ராட் ஹோல்ட் என்ற இன்ஜினியர் செய்தார். சூடு குறைவான, எடை குறைவான, மின்விசிறி தேவைப்படாத ஸ்விட்சிங் பவர் சப்ளை அது. வாஸ்னியாக்கே தன் வேலை எது, அடுத்தவர் வேலை எது என்று பிரித்துக் கொண்டார். ஆரம்பத்தில் இருக்கும் நாமும் அப்படிப் பிரித்துக் கொள்வதில் தவறில்லை.

திரை ஏன் கஷ்டம்?

திரையில் படம் ஒரேயடியாக வருவதில்லை. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, இடமிருந்து வலமாக வரையப்படுகிறது. நம் நாட்டு டிவி பின்பற்றிய பால் முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கணக்குப் போட்டால் ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ செகண்டு. ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோ செகண்டு.

இப்போது 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80ஐ எடுத்துக் கொள்வோம். அதன் மிகச் சிறிய கட்டளைக்கே 1 மைக்ரோ செகண்டு ஆகும். ஒரு வரியில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ செகண்டு. அதில் 256 புள்ளிகள் வைக்க வேண்டும் என்றால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 0.2 மைக்ரோ செகண்டு. அதாவது பிராசசர் ஒரு கட்டளையை முடிப்பதற்குள் ஐந்து புள்ளிகள் கடந்து போய்விடும். இந்த வேகத்தில் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசர் தானே அனுப்ப முடியாது. அதனால்தான் ஷிப்ட் ரிஜிஸ்டர் என்ற சிப் வருகிறது. எட்டுப் புள்ளிகளை ஒன்றாக வாங்கி வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது அதன் வேலை.

அடுத்த சிக்கல் மெமரி. திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது மெமரியில் இருக்கிறது. அதைத் திரை சர்க்யூட் இடைவிடாமல் படிக்க வேண்டும். அதே மெமரியில் பிராசசரும் எழுத வேண்டும். ஒரே ஒரு குழாய், இரண்டு குடங்கள். யார் முதலில் பிடிப்பது? இதற்கு அன்றைய இன்ஜினியர்கள் கண்ட தீர்வுகள் மூன்று.

முதல் தீர்வு, பிராசசரையே திரை வேலைக்கும் உட்கார வைப்பது. 1980ல் இங்கிலாந்தில் வந்த சின்கிளேர் இசட்எக்ஸ்80 அப்படித்தான். கிட்டாக வாங்கினால் 80 பவுண்டுக்கு 5 பென்ஸ் குறைவு. கணக்குப் போடும் நேரத்தில் அதன் திரை அப்படியே மறைந்துவிடும். 1981ல் வந்த இசட்எக்ஸ்81ல் ஸ்லோ என்ற முறையைச் சேர்த்தார்கள். படம் நிற்கும், ஆனால் படத்துக்கு மேலும் கீழும் உள்ள காலியான வரிகளின் நேரத்தில் மட்டும் கணக்கு நடக்கும். அதனால் வேகம் சுமார் கால் பங்காகிவிடும்.

இரண்டாவது தீர்வு ஆப்பிள்-2ல் உள்ளது. 6502 பிராசசர் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் பாதி நேரம் மட்டுமே மெமரியைத் தொடும். மறுபாதியைத் திரைக்குக் கொடுத்துவிட்டார் வாஸ்னியாக். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தீர்வு, திரைக்குத் தனி மெமரி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்9918 வரிசை சிப்கள் 16 கிலோபைட் மெமரியைத் தனியாக வைத்துக் கொள்ளும். பிராசசர் அதனிடம் செய்தி சொன்னால் போதும். உங்கள் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் நடப்பதும் அடிப்படையில் இதுதான்.

எதற்காக இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்? நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். புரோகிராமில் ஒரு வரி எழுதினால் திரையில் எழுத்து வந்துவிடுகிறது. இடையில் எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்று எங்கள் துறையில் பெரும்பாலோர் கேட்பதில்லை. நேரத்துக்குள் முடிக்காவிட்டால் படம் கலைந்துவிடும் என்ற நெருக்கடியை, திரையைத் தன் கையால் செய்து பார்ப்பவரைப் போல வேறு யாரும் உணர முடியாது. பிராசசரை இணைப்பது என்பது படத்தைப் பார்த்து வயர் செருகும் வேலை. திரையைச் செய்வதில்தான் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பது புரியும்.

ரெடிமேட் போர்டு போதாதா?

இன்று பலர் செய்வது வேறு. இஎஸ்பி32 போன்ற சிறிய கண்ட்ரோலர் போர்டை வாங்கி, யாரோ எழுதி வைத்த புரோகிராமை அதில் ஏற்றி, அதையே திரையாகப் பயன்படுத்துகிறார்கள். விலை குறைவு, ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆர்சி2014 கிட்டில் உள்ள இசட்80 ஓடுவது 7.3728 மெகாஹெர்ட்ஸில். இஎஸ்பி32ல் இருப்பது 240 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய இரண்டு பிராசசர்கள். முதலாளிக்குப் பேனா எடுத்துக் கொடுக்க வந்த பையனின் கடிகாரம் முதலாளியுடையதை விட 30 மடங்குக்கு மேல் வேகம்! மெமரியும் அதனிடம்தான் அதிகம். இதில் பழைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?

இதை ஏமாற்று வேலை என்று சொல்லி ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். எச்டிஎம்ஐ பிளக் மட்டுமே உள்ள மானிட்டர் என்றால் வேறு வழி குறைவு. மிகக் குறைந்த 640 X 480 அளவுக்கே ஒவ்வொரு வண்ணத்துக்கும் நொடிக்குச் சுமார் 25 கோடி பிட்களை எச்டிஎம்ஐ கேபிளில் அனுப்ப வேண்டும். சாதாரண சில்லறை சிப்களால் இது முடியாது. அங்கே புதிய கண்ட்ரோலர்தான் கைகொடுக்கும்.

என் ஆட்சேபம் ஒன்றுதான். அதோடு நின்றுவிடாதீர்கள். விஜிஏ பிளக் உள்ள பழைய எல்சிடி மானிட்டர் இன்றும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது. விஜிஏவை 2015க்குள் கைவிடுவதாக இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2010 டிசம்பரில் அறிவித்தன. புதிய மானிட்டர்கள் பலவற்றில் அந்த பிளக் இப்போது இல்லை. எனவே வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கற்றுக் கொள்வதற்கு அதுதான் நல்ல திரை.

விஜிஏவில் வரிக்கு 640 புள்ளிகள் தெரிந்தாலும், கணக்கில் வருவது 800. தெரியும் வரிகள் 480, கணக்கில் வருவது 525. நொடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள். இதை 800ஆல் வகுத்து, பின் 525ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 60 படங்கள். எண்ணும் வேலைக்குச் சில கவுண்டர் சிப்கள், எண்ணிக்கை சரியான இடத்துக்கு வந்ததும் அடையாளம் காட்டச் சில கேட் சிப்கள். இவ்வளவுதான். 2019ல் பென் ஈட்டர் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து, பிரெட்போர்டிலேயே 100 X 75 புள்ளிகள் உள்ள வண்ணப் படத்தை மானிட்டரில் வரவைத்தார். அதற்கு உலகிலேயே மோசமான வீடியோ கார்டு என்று அவரே பெயர் வைத்தார். ஆனால் அதைப் பார்த்துக் கற்றுக் கொண்டவர்கள் ஏராளம்.

விஜிஏ மானிட்டரின் வண்ண வயர் எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். நம் சிப் கொடுப்பது 5 வோல்ட். நடுவில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால், மானிட்டருக்குள் இருக்கும் 75 ஓமுடன் சேர்ந்து 0.69 வோல்ட் ஆகிவிடும். டிவியின் மஞ்சள் ஏவி பிளக்குக்கு இன்னும் சுலபம். ஒத்திசைவு சிக்னலுக்கு 1 கிலோ ஓம், படத்துக்கு 470 ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களைச் சேர்த்தால் கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். ரெசிஸ்டர் விலை சில காசுகள்.

தவறு செய்தால் என்ன ஆகும்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். திரை சர்க்யூட்டில் தவறு செய்தால் என்ன ஆகும்? படம் சாயும், உருளும், கோடு கோடாகக் கலையும். எல்சிடி மானிட்டராக இருந்தால் சிக்னல் இல்லை என்று சொல்லும். அந்த 470 ஓம் வழியாகப் போகக்கூடிய அதிகபட்ச மின்சாரமே சுமார் 10 மில்லி ஆம்பியர்தான். யாருக்கும் ஆபத்தில்லை. படம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக உருளுகிறது என்பதைப் பார்த்தே எந்த கவுண்டரில் தவறு என்று கண்டுபிடிக்கலாம். தவறே ஆசிரியராகிவிடுகிறது. ஒரு நிபந்தனை: இதற்குப் பழைய குழாய் டிவியையோ குழாய் மானிட்டரையோ திறக்காதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், வண்ண டிவியில் 20,000 வோல்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும்.

பவர் சப்ளையில் தவறு செய்தால்? அது பாடம் நடத்தாது. வயரிங் தவறானால் ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கும். உயிரே போகலாம். வீட்டில் வரும் 230 வோல்ட்டை நேராகத் திருத்தினால் கண்டென்சரில் ஏறுவது 325 வோல்ட். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருப்பது இதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும்.

உயிருக்கு ஆபத்து இல்லாத தவறுகூடச் செலவு வைக்கும். பழைய டிடிஎல் சிப்களுக்குத் தேவை 5 வோல்ட். 4.75லிருந்து 5.25 வரை பொறுத்துக் கொள்ளும். 7 வோல்ட்டைத் தாண்டினால் கெட்டுப் போகும். 1982ல் வந்த கமோடோர் 64 கம்ப்யூட்டரின் பவர் சப்ளை இதற்குப் பிரபலமான உதாரணம். பிசின் ஊற்றி மூடிய அந்தப் பெட்டிக்குள் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறிவிடும். கம்ப்யூட்டரில் உள்ள மெமரி சிப்கள் போய்விடும். அந்தப் பழைய கம்ப்யூட்டரைச் சேகரிக்கிறவர்கள் பழைய பவர் சப்ளையைச் செருகவே பயப்படுவது இதனால்தான்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் சும்மா கிடைக்கிறதே, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் ஓடுமே என்பார்கள். ஓடும். ஆனால் அதன் 5 வோல்ட் வயரில் 20 ஆம்பியர்கூட வரக்கூடும். நம் கம்ப்யூட்டருக்குத் தேவை அரை ஆம்பியர். பிரெட்போர்டில் ஒரு வயர் தவறிப் பட்டால், சின்ன அடாப்டர் என்றால் தன்னை அணைத்துக் கொள்ளும். எஸ்எம்பிஎஸ் அதைச் சாதாரண வேலை என்று எடுத்துக் கொண்டு வயரைச் சிவக்கக் காய்ச்சிவிடும். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

அப்படியானால் மின்சாரத்தைப் பற்றிக் கற்கவே வேண்டாமா என்று கேட்கலாம். கற்க வேண்டும். ஆனால் 230 வோல்ட் பக்கத்தில் அல்ல, 5 வோல்ட் பக்கத்தில். அங்கேயே நிறைய இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் எடுத்துப் பாருங்கள். அரை ஆம்பியர் ஓடினால் கம்ப்யூட்டருக்குப் போவது 2.5 வாட். ரெகுலேட்டரில் சூடாக வீணாவது 3.5 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் தொட்டால் விரல் சுடும். இசட்எக்ஸ்81 பெட்டிக்குள் 7805க்கு ஒரு அலுமினியத் தகடு இருந்ததன் காரணம் உடனே புரிந்துவிடும். ஸ்விட்சிங் பவர் சப்ளை ஏன் வந்தது என்பதும் புரியும்.

இன்னொன்று. அடாப்டர் 5 வோல்ட் கொடுத்தாலும் சிப்புக்கு 5 வோல்ட் போய்ச் சேருகிறதா? மெல்லிய வயரிலும் தளர்ந்த பிரெட்போர்டு துளையிலும் சேர்ந்து அரை ஓம் தடை இருந்தால், அரை ஆம்பியருக்கு 0.25 வோல்ட் குறையும். சிப்புக்குக் கிடைப்பது 4.75. சரியாக எல்லைக்கோட்டில்! கம்ப்யூட்டர் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. புரோகிராமில் தவறு என்று நினைத்து இரவெல்லாம் தேடுவீர்கள். மீட்டரைச் சிப்பின் காலிலேயே வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்படி ஆரம்பிப்பது?

நல்ல வேளையாக 6502, இசட்80, 8085 மூன்றுக்கும் 5 வோல்ட் மட்டும் போதும். இதற்கு முன் வந்த 8080க்கு +5, +12, -5 என்று மூன்று வோல்டேஜ் தேவைப்பட்டது. எனவே ஆரம்பத்துக்கு 8080 வேண்டாம். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். அதன் மேல் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பேர் தெரியாத மலிவு சார்ஜரில் 230 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. டைப்-சி சார்ஜரைப் பயன்படுத்தினால், போர்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால்தான் இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் மின்சாரம் வரும். செருகும் முன் பிளஸ் எது, மைனஸ் எது என்று மீட்டரில் பாருங்கள். வழியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்று கட்டாயம்.

திரைக்கு முதல் நாளே அவசரப்பட வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல திரை இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்! யுஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றை வாங்கி, பட்டி அல்லது டெரா டெர்ம் என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டால், உங்கள் கையால் செய்த கம்ப்யூட்டர் பேசுவது அதில் எழுத்தாக வரும். ஆர்சி2014 கிட் நொடிக்கு 115,200 பிட் வேகத்தில் இப்படித்தான் பேசுகிறது. பிராசசரும் மெமரியும் சரியாக ஓடுகின்றன என்று இதில் உறுதி செய்து கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ரெசிஸ்டர்களையும் கவுண்டர்களையும் எடுங்கள். முதலில் வெறும் வெள்ளைத் திரை. அடுத்து பட்டைகள். பிறகு எழுத்துகள். வரிக்கு 40 எழுத்துகளாக 25 வரிகள் என்றால் வெறும் 1,000 பைட் மெமரி போதும். 640 X 480 கறுப்பு வெள்ளைப் படத்துக்கே 38,400 பைட் வேண்டும். 8 பிட் பிராசசர் கையாளும் மொத்த மெமரியே 65,536 பைட்தான். அன்றைய கம்ப்யூட்டர்கள் எழுத்துகளோடு திருப்தி அடைந்ததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதுவே

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கும் புதிய கம்ப்யூட்டர் உரிமையாளர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டலாம், ராம் மாற்றலாம், ஹார்ட் டிஸ்க் மாற்றலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு ஸ்குரூவை மட்டும் கழற்றாதீர்கள். பழுதானால் நல்லதாக வேறு வாங்கிப் போடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் மதர்போர்டையே பலி வாங்கக் கூடும். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கிலேயே செருகுங்கள்.

திரை விஷயத்தில் இதற்கு நேர் எதிர். தயங்காமல் தோண்டிப் பாருங்கள். டிஸ்பிளே செட்டிங்கில் 1920 X 1080, 60 ஹெர்ட்ஸ் என்று பார்த்திருப்பீர்கள். வழக்கமான கணக்கில் இதற்கு அனுப்பப்படுவது வரிக்கு 2,200 புள்ளிகளும் 1,125 வரிகளும். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளிகள். கூடுதலாக உள்ளவை கண்ணுக்குத் தெரியாத காலி இடங்கள். பழைய குழாய் டிவியில் ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் தேவைப்பட்டது. அதற்காக விட்ட இடைவெளி அது. குழாயும் போய்விட்டது, ஒளிக்கற்றையும் போய்விட்டது. இடைவெளி மட்டும் உங்கள் புத்தம் புதிய மானிட்டருக்கு இன்றும் வந்து கொண்டிருக்கிறது.

அந்த இடைவெளி என்ன என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளலாம். இரண்டு ரெசிஸ்டர், நான்கைந்து கவுண்டர் சிப்கள், ஒரு பழைய மானிட்டர் இருந்தால் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். இரண்டாவது வழிக்கு ஆகும் செலவு ஒரு நல்ல கீபோர்டின் விலைக்குள் அடங்கிவிடும். அடாப்டரை மட்டும் கடையில் நல்லதாகக் கேட்டு வாங்குங்கள்.